புதுமைப்பித்தன் வாழ்வும் திரைப்படமும்: தீராத மனக்கலக்கம் என்னும் நோக்கில்

முன்னுரை

சில திரைப்படங்கள் அரங்கை விட்டு வெளியேறிய பின்னும் பார்வையாளரை விடுவதில்லை. பேய், கொலை, குருதி ஆகியவற்றைக் காட்டி எழுப்பப்படும் அச்சம் அரங்கின் விளக்குகள் எரிந்ததும் வடிந்துவிடுகிறது. மற்றொரு வகைப் படத்தில் அஞ்சத்தக்கது எதுவும் காட்டப்படுவதில்லை. ஆனால் அதன் உறுத்தல் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்வேறுபாட்டை உணர உதவுகிறது. அச்சத்திற்கு அது கூறும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு. நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. அவை விலகினால் அச்சமும் விலகும். இளிவரலுக்குக் கூறப்படும் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவையோ மனித வாழ்விலிருந்து விலகாதவை. மருட்கைக்குரிய நான்கனுள் முதலாவது புதுமை. இளிவரலும் மருட்கையும் கலந்து, எதனாலும் ஆற்றப்படாமல் எஞ்சும் நிலையையே இக்கட்டுரை மனக்கலக்கம் என்னும் சொல்லால் குறிக்கிறது.

தமிழ்த் திரைப்படங்களுள் இக்கலக்கத்தை நீங்காமல் விட்டுச் சென்றவற்றை எண்ணும்போது மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) முதலில் நினைவுக்கு வரும். அதன் மூலம் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’. புதுமைப்பித்தன் தம் இறுதி ஆண்டுகளைத் திரைத்துறையில் கழித்தவர். அத்துறைப் பணிக்காகச் சென்ற இடத்தில் நோய் முற்றி 42 வயதில் மறைந்தவர். அவ்வாண்டுகளை வறுமையால் நேர்ந்த வழிவிலகலாகக் கருதி இரண்டொரு வரிகளில் கடந்துசெல்வது பெருவழக்காக உள்ளது. அவர் கதைகளின் தனிப்பண்பு என்ன, அப்பண்புக்கு அவர் காலத் திரைப்படத்தில் இடமிருந்ததா என்னும் வினாக்களோடு அவர் வாழ்வை நோக்கினால் அவ்வழக்கு போதாது என்பது விளங்கும்.

இளமையும் ஊரும்

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25 அன்று கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த் துறையில் பணியாற்றித் தாசில்தாராக உயர்ந்தவர். இனங்களின் தோற்றம் குறித்து ஆங்கிலத்தில் நூல் எழுதும் அளவுக்குக் கல்வி நாட்டம் உடையவர். தாய் பர்வதத்தம்மாள். தந்தையின் பணியிட மாற்றங்களால் தொடக்கக் கல்வி செஞ்சி, திண்டிவனம் முதலிய ஊர்களில் அமைந்தது. எட்டாம் வயதில் தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னையின் வீட்டில் வளர்ந்த சிறுவனுக்கும் தந்தைக்கும் இடையே உருவான விலக்கம் பிற்காலத்திலும் நீங்கவில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ‘சிற்றன்னை’ என்னும் தலைப்பைக் கண்டதும் அதனை ஆசிரியரின் தன்வரலாறாக வாசிக்கும் போக்கு உண்டு. அக்கதையில் வரும் சுந்தரவடிவேலு கல்லூரிப் பேராசிரியர், தாசில்தார் அல்லர். தாயற்ற குழந்தைகள் இருவர். வீட்டுக்குள் புதிதாக வரும் மரகதமும் இளம்பெண்ணே. தான் பெறாத பிள்ளைகளுக்குத் தாயாகுமாறு பணிக்கப்பட்டவள். அவள் பக்கத்து நியாயத்தையும் கதை அறிந்தே வைத்திருக்கிறது. தம் இளமைக் குறையைத் தீர்த்துக்கொள்ள எழுதுபவர் அந்த நியாயத்தைக் கண்டிருக்க மாட்டார். வாழ்விலிருந்து கதைக்குச் சென்றது நிகழ்ச்சி அன்று. பெரியவர்களின் முடிவுகளுக்குக் குழந்தைகள் விலை கொடுக்கிறார்கள் என்னும் அறிதல் மட்டுமே எனக் கொள்வது பொருந்தும்.

1918-இல், ஓய்வு பெற்ற தந்தையுடன் குடும்பம் சொந்த ஊராகிய திருநெல்வேலிக்குத் திரும்பியது. விருத்தாசலத்திற்கு அப்போது வயது 12. தாமிரபரணியின் ஒரு கரையில் நெல்லையப்பர் கோயிலைச் சூழ்ந்த பழைய ஊர். மறு கரையில் பாளையங்கோட்டை. 1843-இல் கட்டப்பட்ட சுலோச்சன முதலியார் பாலம் இரண்டையும் இணைத்தது. சைவ வேளாளக் குடும்பங்களின் தேவாரமும் சித்தாந்தமும் ஒருபுறம்; திருச்சபையாரின் பள்ளிகள், அச்சகங்கள், ஆங்கில நூல்கள் மறுபுறம். கிறித்தவ நிறுவனமாகிய யோவான் பள்ளியில் பயின்று, திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவரிடம் இவ்விரு கரைகளும் சேர்ந்தே இருந்தன. சித்தர் பாடலையும் ஆங்கிலத் துப்பறியும் கதையையும் ஒரே ஆர்வத்தோடு வாசித்தவர் அவர். ‘கயிற்றரவு’ என்னும் வேதாந்த உவமையைப் பெயராகக் கொண்ட கதைக்குள் பனங்காட்டில் பாம்பு தீண்டிச் சாகும் ஒரு பிள்ளைவாளை வைக்க முடிந்ததற்கு இக்கலப்பே காரணம்.

கல்லூரிப் படிப்பு நீண்டது. பட்டம் பெற்றபோது வயது 25. அவ்வாண்டு 1931. அதே ஆண்டு சூலையில் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்தார். அதே ஆண்டு அக்டோபரில் தமிழின் முதல் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ சென்னையில் திரையிடப்பட்டது. தற்செயலான பொருத்தமே, ஆயினும் அவருடைய எழுத்து வாழ்வும் தமிழ்ப் பேசும் படமும் ஏறத்தாழ ஒத்த வயதுடையவை என்பதை நினைவில் வைத்தால் பின்வருபவை தெளிவாகும்.

கலக்கத்தின் கதைகள்

தந்தை விரும்பிய அரசுப் பணி அமையவில்லை. 1933-இல் ‘காந்தி’ இதழில் ‘குலோப்ஜான் காதல்’ வெளிவந்தது. 1934 முதல் ‘மணிக்கொடி’யில் கதைகள் தொடர்ந்தன, ‘ஊழியன்’ இதழில் சிறிது காலம் பணி, பின்னர் டி.எஸ். சொக்கலிங்கம் ஆசிரியராக இருந்த ‘தினமணி’யில் 1943 வரை உதவியாசிரியர், அவர் விலகியபோது உடன் விலகி ‘தினசரி’. இதழியல் வரலாற்றில் இவை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. இக்கட்டுரைக்கு இன்றியமையாதது அவ்வாண்டுகளில் அவர் எழுதிய கதைகளின் முடிவுகள்.

‘காஞ்சனை’யை எடுத்துக்கொள்ளலாம். எழுத்தாளர் ஒருவர் வீட்டில் நள்ளிரவில் விளங்காத மணமும் நாற்றமும் எழுகின்றன. பிச்சை கேட்டு வந்த பெண்ணொருத்தியை மனைவி இரக்கத்தால் வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். கணவனுக்கு மட்டும் அவள் வேறாகத் தெரிகிறாள். அவன் கண்டது மெய்யா, உறக்கம் கெட்ட மனத்தின் படைப்பா என்பதற்குக் கதை விடை தருவதில்லை. பேய்க்கதை என்றால் இறுதியில் பேய் ஓட்டப்பட வேண்டும். பகுத்தறிவுக் கதை என்றால் பேய் இல்லை என நிறுவப்பட வேண்டும். இரண்டையும் மறுத்த இடத்திலேயே வாசகரை நிறுத்திவிட்டு ஆசிரியர் விலகிவிடுகிறார்.

‘மகாமசான’த்தில் பேய்க்கு வேலையே இல்லை. சென்னை மவுண்ட் ரோடு நடைபாதையில் ஒரு பிச்சைக்காரன் செத்துக்கொண்டிருக்கிறான். கூட்டம் விலகி நடக்கிறது. ஒரு குழந்தை மட்டும் நின்று வேடிக்கை பார்க்கிறது. சாவின் பொருள் அறியாத அதன் ஆர்வத்தை ஆசிரியர் கண்டிக்கவும் இல்லை, போற்றவும் இல்லை. படப்பிடிப்புக் கருவி போல அவர் பார்வை நடைபாதையின் உயரத்திலேயே நிற்கிறது. ‘செல்லம்மாள்’ மனைவியின் மரணத்தில் தொடங்கி, உடலின் அருகே தனித்திருக்கும் பிரமநாயகம் பிள்ளையை முதலில் காட்டிவிட்டு, பின்னரே அவர்களின் வாழ்வுக்குத் திரும்புகிறது. முடிவு முன்பே தெரிந்துவிட்டதால் இடையில் வரும் சிறு மகிழ்ச்சிகள் ஒவ்வொன்றும் வாசகரைத் தொல்லைப்படுத்துகின்றன. ‘மனித யந்திர’த்தில், கடைக் கணக்குப்பிள்ளை பணத்தை எடுத்துக்கொண்டு ஓடப் புறப்படுகிறார், ரயில் வரை சென்று திரும்பிவந்து அத்தொகையைத் தம் பற்றாக எழுதிவைக்கிறார். குற்றம் நிகழவில்லை என்பதில் வாசகருக்கு ஆறுதல் கிடைக்க வேண்டும், கிடைப்பதில்லை. வாழ்நாள் முழுதும் ஓட முடியாத ஒருவரைக் கண்ட உறுத்தலே எஞ்சுகிறது.

இக்கதைகளைப் பெரும்பாலும் சமூக விமர்சனம் என்றும் நம்பிக்கை வறட்சி என்றும் வகைப்படுத்திவிடுகிறோம். அவ்வகைப்பாடு பொருளைப் பற்றியது. வடிவத்தை நோக்கினால் அவற்றுக்குப் பொதுவானது ஆறுதல் மறுப்பு. நகைச்சுவை நிரம்பிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையிலும் கடவுள் வந்து போன பின் பிராட்வேயில் எதுவும் மாறிவிடுவதில்லை.

மொழிபெயர்ப்பிலும் இந்நாட்டத்தைக் காணலாம். மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ புதினத்தை அவர் ‘பிரேத மனிதன்’ என்னும் பெயரில் தமிழாக்கினார். அப்புதினத்தை ஹாலிவுட் 1931-இல் படமாக்கியபோது உலகெங்கும் பரவியது அச்சுறுத்தும் உருவம். மூல நூலில் உள்ளது வேறு: பெற்றவனால் கைவிடப்பட்ட படைப்பின் துயரம். தந்தையால் ஏற்கப்படாத பிள்ளை என்னும் கரு அவரை ஈர்த்ததற்கு வாழ்க்கைக் காரணம் தேட வேண்டியதில்லை. ‘சிற்றன்னை’யை எழுதிய கை அதனைத் தேர்ந்தெடுத்தது என்பதே போதும்.

திரைத்துறை ஆண்டுகள்

1940-இல் ‘புதுமைப்பித்தன் கதைகள்’ தொகுப்பும் 1943-இல் ‘காஞ்சனை’ தொகுப்பும் வெளிவந்தன. புகழ் வந்தது, வருவாய் வரவில்லை. ‘தினசரி’யை விட்டபின் திரைப்படத்தை நாடினார். கமலா பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் தாய்வீட்டில் இருந்தார். சென்னையிலிருந்து அவருக்கு எழுதப்பட்ட கடிதங்கள் பின்னாளில் ‘கண்மணி கமலாவுக்கு’ என நூலாயின. பணம் அனுப்ப இயலாமை, அடுத்த மாதம் நிலைமை சீராகும் என்னும் உறுதி, உடல்நல விசாரிப்பு ஆகியவை அக்கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. கதைகளில் ஆறுதல் சொல்ல மறுத்த ஒருவர் கடிதங்களில் ஆறுதலைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. 1946-இல் மகள் தினகரி பிறந்தார்.

ஜெமினி நிறுவனத்தின் ‘அவ்வையார்’ படத்திற்காகப் பணியாற்றினார். அப்படம் திரைக்கு வந்தது 1953-இல், அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழிந்த பின். ‘காமவல்லி’க்கு எழுதினார். தாயின் பெயரை நினைவூட்டும் ‘பர்வதகுமாரி’ என்னும் பெயரில் தாமே ஒரு படநிறுவனம் தொடங்கி ‘வசந்தவல்லி’ என்னும் படத்தை எடுக்க முயன்றார். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சித் தலைவியின் பெயர் அது. பொதிகைச் சாரலின் இலக்கியப் பெயரொன்றை அவர் திரைக்குக் கொண்டுசெல்ல நினைத்தது கவனத்திற்குரியது. முயற்சி கைகூடவில்லை, பொருளிழப்பே மிஞ்சியது.

அவர் காலத் திரைப்படத்தின் இயல்பை இங்கே கருத வேண்டும். 1930, 1940-களின் தமிழ்ப் படம் நாடக மேடையிலிருந்து புராணத்தையும் பாட்டையும் பெற்று வந்தது. பக்தன் சோதிக்கப்படுவான், இறுதியில் இறைவன் தோன்றுவான். அரசன் நாடிழப்பான், மீளப் பெறுவான். 1944-இல் வெளியாகிச் சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’, பெற்றோரைத் துன்புறுத்திய மகன் திருந்தி அருள் பெறும் கதை. மங்கலமாக முடியாத படத்தை எடுப்பதற்கு முதலாளியும் இல்லை, கொட்டகையும் இல்லை. முடிவுகளைக் கலைப்பதையே கலையாகக் கொண்டிருந்த எழுத்தாளரிடம் அத்துறை கேட்டது உரையாடலை மட்டுமே. மொழியில் அவருக்கிருந்த விரைவு விலைபோயிற்று, பார்வை விலைபோகவில்லை. அவர் திரைத்துறையில் தோற்றார் என்று கூறுவது அரைகுறையான கணிப்பு. தம் கலையின் மையத்தை அவர் அங்கே முன்வைக்க வாய்ப்பே ஏற்படவில்லை என்பதே சரியான கூற்று.

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்ற எம்.கே. தியாகராஜ பாகவதர் 1947-இல் விடுதலையானார். மீண்டெழும் முயற்சியாக அவர் தயாரித்து நடித்த ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் புதுமைப்பித்தன் ஒப்புக்கொண்டு, படப்பிடிப்பு நடந்த புனே நகருக்குச் சென்றார். இழந்த அரியணையைத் தேடிய நட்சத்திரமும், இழப்பதற்கு ஏதுமற்ற எழுத்தாளரும் அயல் நகரத்தில் ஒரு புராண பாணிக் கதைக்காகச் சேர்ந்திருந்த காட்சியைப் புதுமைப்பித்தனே கதையாக்கியிருக்கலாம். அங்கே காசநோய் முற்றியது. அந்நோய்க்குரிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டறியப்பட்டிருந்தாலும் இந்தியாவில் எளியோர் கைக்கு எட்டும் மருந்தாக அப்போது ஆகவில்லை. 1948 மே மாதத் தொடக்கத்தில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். சூன் 30 அன்று மறைந்தார். மகளுக்கு வயது இரண்டு. ‘ராஜமுக்தி’ அவர் மறைவுக்குப் பின் அவ்வாண்டிலேயே திரைக்கு வந்து தோல்வியடைந்தது.

மறைவுக்குப் பின்

நெல்லையைச் சேர்ந்த தொ.மு.சி. ரகுநாதன் 1951-இல் ‘புதுமைப்பித்தன் வரலாறு’ நூலை வெளியிட்டார். நண்பரை மிக அண்மையிலிருந்து கண்டவரின் நூல் அது. அதன் சினமும் அன்பும் இன்றும் குறையவில்லை. எழுத்தாளரைச் சமூகம் கைவிட்டது என்னும் அதன் உணர்ச்சி பின்வந்தோர் பலரின் பார்வையையும் வடிவமைத்தது. திரைத்துறை ஆண்டுகளை வீழ்ச்சியாகக் காணும் வழக்கு அவ்வுணர்ச்சியின் நிழலிலேயே வளர்ந்தது.

அவர் மறைந்து 31 ஆண்டுகளுக்குப் பின் ‘உதிரிப்பூக்கள்’ வந்தது. ‘முள்ளும் மலரும்’ (1978) படத்திற்கு அடுத்து மகேந்திரன் இயக்கியது. ஒளிப்பதிவு அசோக்குமார், இசை இளையராஜா. ‘சிற்றன்னை’யின் கதையைத் தேடிப் படத்தைப் பார்ப்பவர் ஏமாற்றமடைவார். பேராசிரியர் சுந்தரவடிவேலு ஊரையே அடக்கி ஆளும் பள்ளி நிருவாகி ஆகிறார். கதையில் முன்பே இறந்துவிட்ட முதல் மனைவி, படத்தில் நோயுற்ற இலட்சுமியாகப் பெரும்பகுதி உயிரோடு இருக்கிறாள். சிற்றன்னையின் இடம் சுருங்கிவிடுகிறது. மூலத்திலிருந்து மிகச் சிறு பகுதியையே எடுத்துக்கொண்டதாக இயக்குநரே பின்னாளில் கூறியுள்ளார். இதனால் இதைத் தழுவல் என்றே கொள்ளலாகாது என வாதிடுவோரும் உளர். கதைப்பின்னலை அளவுகோலாகக் கொண்டால் அவ்வாதம் சரியே. எஞ்சி நிற்பவற்றை நோக்கினால் வேறு முடிவுக்கு வரவேண்டியுள்ளது. இரண்டு குழந்தைகள் எஞ்சுகிறார்கள். வீட்டுக்குள் உரத்த குரல் இல்லாமல் நிகழும் கொடுமை எஞ்சுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக முடிவு எஞ்சுகிறது.

சுந்தரவடிவேலுவின் கொடுமை எல்லை கடந்தபோது ஊரார் ஒன்றுகூடி அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறார்கள். தானாகவே நீரில் இறங்கிச் சாகுமாறு பணிக்கிறார்கள். யாரும் அவனை அடிக்கவில்லை. நீருக்குள் தள்ளவும் இல்லை. தான் செய்த தீமைகளிலெல்லாம் பெரியது நல்லவர்களாக இருந்த அவர்களைத் தன்னைப்போல் ஆக்கிவிட்டதே எனும் பொருள்படக் கூறிவிட்டு, பிள்ளைகளிடம் விடைபெற்று அவன் நீருக்குள் நடக்கிறான். பின்னர்க் குழந்தைகள் இருவரும் கரையோரமாக நடந்து செல்கிறார்கள்.

வழக்கமான படத்தில் தீயவன் அழிவது பார்வையாளருக்குக் கிடைக்கும் கைம்மாறு. இங்கே அவன் அழிவைப் படம் முழுதும் விரும்பிக்கொண்டிருந்த பார்வையாளர், அது நிகழும் கணத்தில் ஊராரோடு ஒருவராகக் கரையில் நிற்க நேர்கிறது. தண்டனை நியாயமானது, தண்டித்தவர்கள் கறைபட்டுவிட்டார்கள், குழந்தைகளுக்குத் தந்தையும் இல்லை. இம்மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்கும் இடத்தில் படம் நின்றுவிடுகிறது. ‘காஞ்சனை’யின் இரட்டை மறுப்பும், ‘மகாமசான’த்துக் குழந்தையின் பார்வையும், ‘மனித யந்திர’த்தின் ஆறுதலற்ற நேர்மையும் இக்காட்சியில் வேறு உருவில் காணக்கிடைக்கின்றன. புதுமைப்பித்தன் எழுதாத ஒரு காட்சி, அவர் வசனம் எழுதிய எந்தப் படத்தையும்விட அவருக்கு நெருக்கமானதாக அமைந்துவிட்டது.

1979-இல் இது இயன்றதற்குக் காலமும் காரணம். படப்பிடிப்பு நிலையங்களை விட்டுத் தமிழ்த் திரைப்படம் ஊர்ப்புறங்களுக்கு வெளியேறிய ஆண்டுகள் அவை. உரையாடலைக் குறைத்துக் காட்சியை நம்பும் இயக்குநருக்கும் பார்வையாளர் கிடைத்தனர். 1940-களில் புதுமைப்பித்தனிடம் வாங்கப்பட்டது சொல். மகேந்திரன் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதில் சொல் ஏறத்தாழ இல்லை. பாகவதர் படத்திற்காகப் புனேயில் எழுதப்பட்ட வசனங்களை இன்று நினைவுகூர்வார் அரியர். ஆற்றங்கரையில் நடந்து செல்லும் அந்த இரண்டு குழந்தைகளை, படத்தை ஒருமுறை பார்த்தவரும் மறப்பதில்லை.